கொரோனா ஊக்கத்தொகை: அந்தப் பட்டியலை டைப் அடித்தவன் நான்

கேள்வி: கொரோனா காலத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கு அரசு கொடுத்த ஊக்கத்தொகை நியாயமாகப் போய்ச் சேர்ந்ததா?

உங்கள் பெயரோ உங்கள் வீட்டில் ஒருவர் பெயரோ விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். பணம் வாங்கியவர்கள் யாரும் இத்தனை வருடம் கழித்து இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். அனேகமாக நீங்கள் கோவிட் வார்டுக்கு வெளியே வேலை பார்த்தவர். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள், மீதியையும் படித்துவிடுங்கள்.

நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. ஓர் அரசு மருத்துவமனை அலுவலகத்தில் அப்போது இளநிலை உதவியாளர், சுருக்கமாகச் சொன்னால் கிளார்க். கிளார்க்குக்கு முன்களத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கத்தான் போகிறீர்கள். யார் முன்களம் என்ற பட்டியல் என் மேசையில்தான் தயாரானது.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் கடைசியில் அன்றைய தமிழக அரசு ஒரு மாதச் சிறப்பு ஊதியம் அறிவித்தது. அதில் சம்பளம் பெரிதாக இருந்தால் தொகையும் பெரிதாக இருக்கும். 2021 மே மாதம் புதிதாக வந்த அரசு, ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கும் சேர்த்து டாக்டர்களுக்கு 30,000, நர்சுகளுக்கு 20,000, பயிற்சி மருத்துவர்களுக்கும் மேற்படிப்பு மாணவர்களுக்கும் 20,000, மற்ற பணியாளர்களுக்கு 15,000 என்றது. டாக்டருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சம்பளத்தில் இருக்கும் இடைவெளியோடு ஒப்பிட்டால் இரண்டுக்கு ஒன்று என்பது ரொம்பவே தாராளம். நான் எந்தக் கட்சிக்காகவும் பேசவில்லை. ஆட்சி மாறினாலும் எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டரும் மாறவில்லை, நானும் மாறவில்லை.

30, 20, 15 என்ற விகிதத்தைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போட்டார்கள். என்னைக் கேட்டால் அங்கே பெரிய குறையில்லை. 15,000-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருந்த கோட்டில்தான் அநியாயம். அந்தக் கோட்டை மேலே இருப்பவர்கள் ‘கொரோனா பணியில் ஈடுபட்டவர்’ என்று ஒரு வரியில் போட்டுவிட்டார்கள். எந்தக் கதவுக்கு உள்ளே நின்றால் ஈடுபட்டவர், வெளியே நின்றால் ஈடுபடாதவர் என்பதை எங்கள் மாதிரி அலுவலகங்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

எங்கள் மருத்துவமனையில் பிடித்துக்கொண்ட விதி ரொம்ப எளிது. கோவிட் வார்டு டூட்டி லிஸ்டில் பெயர் இருக்க வேண்டும். ஆர்.எம்.ஓ., அதாவது மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர், மூன்று மாத லிஸ்டையும் கட்டாக என் மேசையில் வைத்துவிட்டு, “இதுல இருக்கறவங்க மட்டும். நாளைக்கு ஆடிட்ல ஆப்ஜெக்‌ஷன் வந்தா ரெக்கவரி போடுவாங்க, பாத்துக்கங்க” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தணிக்கை என்றால் எனக்கும் பயம்தான். கொடுத்த பணத்தைப் பின்னால் சம்பளத்தில் பிடிப்பதைப் போன்ற அசிங்கம் அரசு அலுவலகத்தில் வேறு இல்லை.

சரி, டைப் அடிக்க உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்திலேயே சிக்கல் வந்துவிட்டது. ஆண்கள் பொது வார்டு கோவிட் வார்டு இல்லை. ஆனால் மே மாதம் அங்கே மூச்சுத்திணறலோடு வந்து படுத்தவர்களில் எத்தனையோ பேருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் ரிசல்ட் வந்தது. அந்த இரண்டு நாளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட நர்சுகளிடம் இருந்தது ஒரு சர்ஜிகல் மாஸ்க். கோவிட் வார்டிலாவது பிபிஇ கிட் இருந்தது. பொது வார்டு நர்சுகளில் நான்கு பேருக்குத் தொற்று வந்தது, ஒருவர் ஆக்சிஜன் வரை போய்த் திரும்பினார். டூட்டி லிஸ்டில் அவர் பெயருக்கு எதிரே ‘பொது’ என்று இருந்ததால் பட்டியலில் அவருக்கு இடமில்லை.

இன்னொரு பக்கம், ஒரு சீனியர் டாக்டர் பெயர் மூன்று மாதமும் கோவிட் லிஸ்டில் இருந்தது. அவர் வார்டுக்குள் போனதை நான் கேள்விப்படவில்லை. போனில் கேட்டுக்கொள்வார், கையெழுத்து மறுநாள் வரும். அவருக்கு 30,000. எல்லா டாக்டர்களையும் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு ஆக்சிஜன் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வந்த ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) பையனையும் நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு 20,000 என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

ஆனால் என்னால் மறக்க முடியாதவர் லாண்டரி அம்மா. எங்கள் சலவைக்கூடத்தில் இருந்த இரண்டு ஒப்பந்தப் பணியாளர்களில் மூத்தவர். கோவிட் வார்டு படுக்கை விரிப்புகள் மஞ்சள் பையில் வரும். பையைப் பிரித்து, எண்ணி, ஹைப்போ என்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊறப்போட்டு, அப்புறம்தான் மெஷினில் போட வேண்டும். எண்ணாமல் விட்டால் ஸ்டோரில் கணக்கு இடிக்கும் என்பதால், வேறு யாரும் தொடப் பயந்த துணியை அவர் ஒவ்வொன்றாக விரித்து எண்ணினார். அதில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கையுறை கிழிந்தால் மறு ஜோடிக்கு இரண்டு நாள்.

அவர் பெயர் சலவைக்கூடப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வார்டு துப்புரவுப் பணியாளர்கள் பெயரைக் காண்டிராக்டரிடம் மூன்று முறை கேட்டு வாங்கிச் சேர்த்துவிட்டோம். லாண்டரி என்பது வார்டு இல்லையே. விஷயம் தெரிந்து ஒருநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கதவுக்கு வெளியே நின்றுகொண்டுதான் பேசினார், உள்ளே வர மாட்டார்.

“தம்பி, துணி கோவிட் வார்டுலருந்து வருதுன்னு நோட்டுல எழுதிருக்கல்ல?”

“எழுதியிருக்கும்மா.”

“அப்ப துணி மட்டும் கோவிட்டு, நானு இல்லையா?”

ஆடிட், அரசாணை, ரெக்கவரி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இதுவரை சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்த ஒன்று இருக்கிறது. எனக்கு 15,000 வந்தது. படுக்கை காலியா என்று கேட்டு வரும் போன்களை எடுக்க ஒரு கோவிட் உதவி மையம் வைத்தார்கள். அங்கே எனக்கு வாரத்தில் மூன்று இரவு டூட்டி. லிஸ்டின் தலைப்பில் கோவிட் என்ற வார்த்தை இருந்தது, அதனால் நான் ஈடுபட்டவன். சும்மா வாங்கவில்லை. “என் அப்பாவுக்கு ஒரு பெட் கொடுங்க சார்” என்று கதறுகிறவரிடம் இல்லை என்று சொல்வது என்ன வேலை என்று அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் போனில் தொற்று வராது. அந்தப் பணத்தில் பையனுக்கு ஆன்லைன் வகுப்புக்கு போன் வாங்கினேன். லாண்டரி அம்மாவுக்கு அதில் பங்கு கொடுத்தீர்களா என்று கேட்பீர்கள். கொடுக்கவில்லை. கொடுக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் கொடுத்தால் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியும் வரும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2022-ல் அதைச் செய்து பார்த்தார்கள். 50 கோடி டாலரை ஒதுக்கி, மருத்துவமனை, முதியோர் இல்லம், மளிகைக் கடை, இறைச்சிக்கூடம் என்று முன்களத்தில் நின்ற எல்லாத் துறைக்காரர்களையும் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். தலைக்கு 750 டாலர் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். தகுதி பெற்றவர்கள் 10 லட்சத்தைத் தாண்டியதால் 487 டாலர்தான் வந்தது. எல்லோருக்கும் கொஞ்சமா, சிலருக்கு நிறையவா என்றால் நான் கொஞ்சம் என்பேன். அங்கேயும் முணுமுணுத்திருப்பார்கள், ஆனால் கதவுக்கு வெளியே ஒருவர் நின்று கேட்கும்படி ஆகியிருக்காது.

இன்னொரு கணக்கையும் போட்டுவிடுகிறேன், கிளார்க் புத்தி. 2020 ஏப்ரலில் அகவிலைப்படி உயர்வை நிறுத்திவைத்தார்கள். மத்திய அரசு செய்தது, மாநிலமும் செய்தது. 4, 3, 4 என்று மூன்று தவணை, மொத்தம் 11 சதவீதம். அடிப்படை ஊதியம் 40,000 வாங்கும் ஒரு நர்சை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் மாதம் 1,600, அடுத்த ஆறு மாதம் 2,800, அதற்கடுத்த ஆறு மாதம் 4,400. கூட்டினால் 18 மாதத்தில் 52,800 ரூபாய். அவருக்கு ஊக்கத்தொகை 20,000. முன்களம் என்று அவருக்கு விலக்கெல்லாம் இல்லை. எனக்கும் போனது, ஆனால் நான் பெட்ஷீட் எண்ணவில்லை.

சரண்டர் லீவு கதை தனி. வருடத்துக்கு 15 நாள் விடுப்பைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொள்ளும் வசதி. அதையும் அதே ஏப்ரலில் ஒரு வருடத்துக்கு என்று நிறுத்தினார்கள், அந்த ஒரு வருடம் நீண்டு நீண்டு 2025 வரை வந்தது. பையன் ஸ்கூல் ஃபீஸ் அதில்தான் கட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் அரசு ஊழியன் என்றாலே கொழுத்த சம்பளம் என்று பேசுகிறவர்கள் இதையும் ஒருமுறை படிக்கட்டும்.

நீங்கள் ஒப்பந்த நர்ஸ் என்றால் உங்கள் குறை இதைவிடப் பெரிது. 2020-ல் 14,000 சம்பளத்துக்கு அவசரமாக எடுத்த நர்சுகளில் 2,000-க்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள். எங்களிடம் வேலை பார்த்த சிலருக்கு அந்தக் கடிதத்தை டெஸ்பாட்ச் செய்ததும் நான்தான். ஊக்கத்தொகை வாங்கிய அதே பெயர்கள், பழைய பட்டியலிலிருந்தே காப்பி பண்ணிப் போட்டேன். இனிஷியலைக்கூடச் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்கு இனிமேல் பணம் வருமா என்றால், வராது. ஆனால் இப்போதும் மருத்துவமனையில் இருக்கிறீர்கள் என்றால் மாதாமாதம் டூட்டி லிஸ்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வேறு வார்டுக்கு வாய்மொழியாக அனுப்பினால் தலைமை நர்சான மேட்ரனிடம் சொல்லி நோட்டில் எழுதி வாங்குங்கள். எழுதாத வேலையை என் மாதிரி ஆளால் டைப் அடிக்க முடியாது.