ஜூஸ் பெட்டி செய்கிற யூஃப்ளெக்ஸ் பங்கு பல மடங்கு ஏறுமா?

குஜராத் சானந்த் ஆலையில் ‘அசெப்டோ’ என்ற பெயரில் டெட்ரா பேக்குக்குப் போட்டியாகப் பெட்டி செய்கிறார்களே, அதை வைத்துத்தான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். சரி, நல்ல தொழில்தான். ஆனால் யூஃப்ளெக்ஸின் லாபத்தை ஆட்டிவைப்பது பிஸ்கட், சிப்ஸ் உறைகளுக்கான பாலியெஸ்டர் ஃபிலிம். உலகெங்கும் ஆலைகள் கூடினால், ஃபிலிம் விலைக்கும் மூலப்பொருள் விலைக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். அப்புறம் நைஜீரிய ஆலை வேறு. 2023-ல் அந்நாட்டு நாணயமான நைரா சரிந்ததில் அந்நியச் செலாவணி அடி விழுந்தது. துணை நிறுவனங்களையும் சேர்த்த 2023-24 ஒருங்கிணைந்த கணக்கே நட்டத்தில் முடிந்தது.

லாபம் இப்படி ஏறி இறங்கும் தொழிலில் பி.இ. விகிதம் (ஒரு பங்கின் லாபத்தைப் போல் பங்கு விலை எத்தனை மடங்கு என்பது) மலிவாகத் தெரிவது பெரும்பாலும் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான். டெலிகிராம் குழுக்களில் வரும் ‘டார்கெட்’ விலை எதுவும் இதைச் சொல்லாது. காலாண்டு அறிக்கையில் ஃபிலிம் லாப வரம்பையும் வட்டிச் செலவையும் பாருங்கள்.