ஆளைத் தேடுமுன் ஐசோடோப்பின் ஆயுளைப் பாருங்கள்

கேள்வி: "மூலக்கூறு இமேஜிங்கில் மூத்த ஆய்வாளர் தேவை" என்று விளம்பரம் கொடுத்தோம். வந்த விண்ணப்பங்களுக்குள் ஒட்டுறவே இல்லை. ஒருவர் வேதியியலாளர், ஒருவர் கணினிக்காரர், இன்னொருவர் அணு மருத்துவ மருத்துவர். எங்கே தவறினோம்?
— ஒரு துறைத் தலைவர்

பதில்: உடலுக்குள் மூலக்கூறு அளவில் நடப்பதைப் படமாகக் காட்டுவதுதான் மூலக்கூறு இமேஜிங். அந்தப் பெயருக்குள் குறைந்தது நான்கு தொழில்கள் இருக்கின்றன. டிரேசர் (உடலில் செலுத்தி ஸ்கேனரில் பின்தொடரும் கதிரியக்க மருந்து) தயாரிக்கும் கதிரியக்க வேதியியலாளர், ஸ்கேனரையும் படக் கணக்கீட்டையும் கையாளும் இயற்பியலாளர், எலிகளில் நோய் மாதிரிகளை உருவாக்கும் உயிரியலாளர், நோயாளியிடம் அதைக் கொண்டு சேர்க்கும் மருத்துவர். நால்வரும் ஒரே ஆளாக வரவேண்டும் என்று எழுதினால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்தான் வருவார்.

எந்தத் தொழில் வேண்டும் என்பதை உங்கள் கட்டடமே பாதி தீர்மானித்துவிடும். டிரேசரில் சேர்க்கும் கதிரியக்க ஐசோடோப் ஒவ்வொன்றுக்கும் ஓர் அரை ஆயுள் உண்டு, அதாவது பாதி சிதைந்துபோகும் நேரம். கார்பன்-11க்கு அது 20 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி அதே வளாகத்தில் இல்லையென்றால், மூளை ஏற்பிகளைக் (மருந்து ஒட்டும் புரதங்களை) கார்பன்-11 கொண்டு ஆராய்பவரை அழைத்து வந்து பயனில்லை, சும்மா உட்கார்ந்திருப்பார். ஃப்ளோரின்-18க்கு 110 நிமிடம். இரண்டு மணி நேரப் பயணத் தொலைவைச் சமாளிக்கலாம். நான்கு மணி நேரம் ஆனால் கிளம்பியதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கேலியம்-68 (68 நிமிடம்) சிறிய ஜெனரேட்டரிலிருந்தே (தாய் ஐசோடோப் சிதைந்து உருவாவதைப் பிரித்தெடுக்கும் பெட்டி) கிடைக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் ஜெர்மேனியம்-68இன் அரை ஆயுள் 271 நாள். ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று புதிதாக வாங்க வேண்டும். ஆன்டிபாடி ஆய்வுக்காரருக்குச் சிர்கோனியம்-89 போதும். 78 மணி நேர ஆயுள் என்பதால் விமானத்தில்கூட வரவழைக்கலாம். ஆன்டிபாடி புற்றுக் கட்டியில் சேர நாள்கணக்கில் ஆகும் என்பதால், அந்த நீண்ட ஆயுள் வேலைக்கும் பொருந்துகிறது.

கதிரியக்கமே வேண்டாம், ஒளியை வைத்துச் செய்கிறேன் என்பவர்களும் உண்டு. மலிவு, வேகம் எல்லாம் சரி. ஆனால் திசுவுக்குள் ஒளி ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் உருப்படியாகப் போகாது. எலியோடு நிற்கும் ஆய்வுக்கு அது நன்று. மருத்துவமனையோடு இணைந்த ஆய்வுதான் நோக்கம் என்றால், அறுவைச் சிகிச்சை வழிகாட்டல் போன்ற சில இடங்களைத் தவிர பொருந்தாது.

ஆகவே விளம்பரத்தில் உங்களிடம் உள்ள கருவிகள், அவற்றின் வயது, சைக்ளோட்ரான் எவ்வளவு தூரம், மனிதர்களுக்குச் செலுத்தத்தக்க தரத்தில் மருந்து தயாரிக்கும் வசதி உண்டா என்பதை எழுதுங்கள். இல்லாததை இல்லை என்றே எழுதுங்கள். பொருந்தாதவர்கள் தாங்களே விலகிக்கொள்வார்கள்.

கேள்வி: தேர்வுக் குழுவில் நான் வேறு துறைக்காரன். விண்ணப்பதாரரின் கட்டுரைகளில் அழகழகான வண்ணப் படங்கள். அவற்றை எப்படி எடைபோடுவது?
— ஒரு குழு உறுப்பினர்

பதில்: படத்தைவிட அதன் பக்கத்தில் இருக்கும் சோதனையைப் பாருங்கள். கட்டியில் டிரேசர் பளிச்சென்று தெரிகிறது என்றால், அது குறிவைத்த ஏற்பியில்தான் ஒட்டியதா, இல்லை கசியும் ரத்தக் குழாய்களால் தேங்கியதா என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் தடுப்புச் சோதனை: கதிரியக்கமில்லாத அதே மருந்தை மிகுதியாகக் கொடுத்தபின் ஸ்கேன் எடுத்தால் கட்டியின் பிரகாசம் நன்றாகக் குறைய வேண்டும். மூத்தவர் ஒருவரின் முக்கியக் கட்டுரைகளில் அந்தச் சோதனை இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

நேர்காணலில் வெற்றிப் படத்துக்குப் பதிலாகத் தோற்ற ஒரு டிரேசரைப் பற்றிக் கேட்பது எங்கள் பரிந்துரை. உதாரணமாக, ஃப்ளோரின்-18 சேர்த்த மருந்தைச் செலுத்திய எலியின் படத்தில் முதுகெலும்பும் முழங்கால் மூட்டும் ஒளிர்ந்தால், மூலக்கூறிலிருந்து ஃப்ளோரைடு பிரிந்து எலும்பில் சேர்கிறது என்று அர்த்தம். வேலை தெரிந்தவர் அதைச் சட்டென்று சொல்லி, ஃப்ளோரினை மூலக்கூறின் எந்த இடத்துக்கு மாற்றலாம் என்று தொடர்வார். குழுவின் தலைவராகப் பெயர் போட்டுக்கொண்டு ஆய்வகத்தை விட்டு விலகிவிட்டவர் "அதை என் மாணவர் பார்த்துக்கொண்டார்" என்பார். ஸ்லைடு இல்லாமல் பலகையில் எழுதிப் பேசச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் தகும்.

இன்னொன்று அளவீடு. எலிகளுக்கான பெட் ஸ்கேனரின் (டிரேசர் சேரும் இடத்தைப் படமாக்கும் கருவி) பகுதிறன், அதாவது அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 1 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். எலி மூளையின் ஒரு பகுதி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய இடத்தின் எண்ணைத் திருத்தம் ஏதும் செய்யாமல் தசம இடங்களோடு அச்சிட்டிருந்தால் சந்தேகப்படலாம். கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் எண்ணைக் கடைசியில் பாருங்கள். பெரிய ஸ்கேனர் மையத்தில் இருந்தவருக்குக் கூட்டுக் கட்டுரைகள் தானாகவே சேரும். கடைசி ஆசிரியராக (வழக்கமாக ஆய்வை வழிநடத்தியவரின் இடம் அது) எழுதியவற்றை மட்டும் தனியே எடுத்துப் படித்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கேள்வி: தேர்வானவர் கேட்கும் தொடக்க நிதி எங்களை மிரட்டுகிறது. ஸ்கேனர் போதாதா? ஏன் இத்தனை பட்டியல்?
— நிதி அலுவலர்

பதில்: யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் இடம் இதுதான். ஸ்கேனர் ஒருமுறைச் செலவு. பராமரிப்பு ஒப்பந்தம் வாங்கிய விலையில் பத்து சதவீதத்தை ஒட்டி ஆண்டுதோறும் வரும். உத்தரவாத காலம் முடிந்த மறு ஆண்டு யார் கட்டுவது என்பதை இப்போதே எழுத்தில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலான சண்டைகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

ஃப்ளோரின்-18 வேலைக்கான ஹாட் செல்லில் (கதிரியக்கப் பொருளை வெளியே நின்று கையாளும் கவசக் கூண்டு) 50 முதல் 75 மி.மீ. தடிமனுக்கு ஈயம் இருக்கும். பல டன் எடை. மாடியில் வைக்கும் திட்டமென்றால் கட்டடப் பொறியாளரிடம் தளத்தின் தாங்குதிறனைக் கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள். அறைக்குள் எதிர்மறைக் காற்றழுத்தமும், வெளியேறும் காற்றுக்கு வடிகட்டியும் வேண்டும். கழிவுக்கும் இடம் வேண்டும்: பத்து அரை ஆயுள் கடந்தால் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும். ஃப்ளோரின்-18க்கு அது 18 மணி நேரம்தான். சிகிச்சைக்குப் பயன்படும் லூட்டீசியம்-177க்கு இரண்டு மாதத்துக்கும் மேல். சிகிச்சை ஐசோடோப் கையாளப் போகிறார் என்றால் தனிக் கிடங்கு கேட்பது ஆடம்பரமல்ல.

பட்டியலில் கடைசி ஆளாக எழுதியிருக்கும் தொழில்நுட்பரை மட்டும் வெட்டிவிடாதீர்கள். காலையில் டிரேசர் தயாரித்து, தரம் சோதித்து, எலிக்கு மயக்கம் கொடுத்து, ஸ்கேன் ஓட்டுவது பேராசிரியர் தனியாகச் செய்யும் வேலையல்ல. குறைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டாவது கருவியைக் குறையுங்கள்.

கேள்வி: அவர் தன் மரபணு மாற்ற எலிகளோடும் அனுமதிகளோடும் வந்துவிடுவார்தானே?
— பெயர் வேண்டாம்

பதில்: அனுமதிகள் வரமாட்டா. கதிரியக்க உரிமமும் விலங்கு நெறிமுறை ஒப்புதலும் பொதுவாக அந்தந்த நிறுவனத்தோடு கட்டுண்டவை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எலிகள் கிருமியோடு வரும் ஆபத்து இருப்பதால் உங்கள் விலங்கு மனை அவற்றை நேரே ஏற்காமல், கருவாக வாங்கித் தாய் எலியில் வைத்து வளர்க்கச் சொல்லக்கூடும். அதற்கே மாதங்கள் ஆகும். பழைய நிறுவனத்தின் நிதியில் வாங்கிய கருவிகளும் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தான வாரமே, அவர் பழைய இடத்தில் இருக்கும்போதே, உரிம விண்ணப்பத்தை அவரைக் கொண்டே எழுத வையுங்கள். அவருடைய செயல்பாட்டு மதிப்பீட்டுக் காலம் சேர்ந்த நாளிலிருந்து இல்லாமல், உரிமம் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும் என்று நியமன ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.