வெளக்கும் மௌனமும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். வாரந்தோறும் நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைச் சில மாதங்களாகத் தொடர்ந்து படிக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் தொழில்நுட்பச் செய்திகளாகவே இருக்கின்றன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு நின்றதைப் பற்றி நீண்ட பத்தி ஒன்று எழுதியிருந்தீர்கள். ஆனால் எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கதை எழுதுகிறவர் இத்தகைய செய்திகளுக்கு இவ்வளவு நேரம் கொடுப்பது எழுத்துக்கு உதவுமா, அல்லது எழுத்திலிருந்து விலகிப் போவதற்கான வழியாகிவிடுமா? நானும் எழுதத் தொடங்கியிருப்பதால் கேட்கிறேன். இன்னொரு செய்தி. என் அப்பா 2000ஆம் ஆண்டு வாக்கில் தட்டச்சு செய்த கவிதைகள் இரண்டு ஃப்ளாப்பிகளில் இருக்கின்றன. அப்பா இப்போது இல்லை. அவற்றை நான் இதுவரை திறந்து பார்க்கவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே இருக்கிறது. அந்த இரண்டு ஃப்ளாப்பிகளைப் போன்ற ஒன்றோடுதான் நானும் சென்ற வாரம் முழுவதும் போராடிக்கொண்டிருந்தேன்.

2001இல் எழுதி முடித்த என் நாவல் ஒன்றுக்கு மறுபதிப்பு கொண்டுவரலாம் என்று பேச்சு வந்தது. முதல் பதிப்பை அச்சிட்டவர்களிடம் கோப்பு இல்லை. என்னிடம் ஒரு குறுந்தகடு இருந்தது. நல்லவேளையாக அது படித்தது. ஆனால் கோப்பைத் திறந்தால் திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் அகரம், 'கே' இருக்கும் இடத்தில் மகரம். நாம் 'அம்மா' என்று அடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். கணினி தன்னிடம் சேர்த்து வைத்ததோ ஆங்கில எழுத்துகளின் ஒரு வரிசையை மட்டுமே. எழுத்துரு இருந்தவரை அது தமிழாகத் தெரிந்தது. எழுத்துரு போனதும் தமிழும் போயிற்று.

உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையான ஒருங்குறியின் (யூனிகோட்) முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. இருந்தும் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் வீட்டுக் கணினியில் அதைப் பயன்படுத்தும் வழி மெல்லத் திறந்தது. தமிழ்நாடு அரசு அதை ஏற்றது 2010இல். அச்சகங்கள் இன்னும் பிந்தின. பக்கங்களை வடிவமைக்க அவர்கள் பயன்படுத்திய பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதில் ஒருங்குறித் தமிழுக்கு இடமில்லை என்பதால், பழைய எழுத்துருக்களையே வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் புத்தகம் போட வேண்டியிருந்தது. அதனால் அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட தமிழில் கணிசமான பகுதி, காகிதத்தில் வாசிக்கக் கூடியதாகவும் கோப்பில் வாசிக்க முடியாததாகவும் இருக்கிறது.

பழைய எழுத்துருக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள், அதாவது மாற்றிகள், இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன, நானும் ஒன்றைத்தான் பயன்படுத்தினேன். 'கொ' என்ற எழுத்தைப் பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, அதாவது முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், அதற்கடுத்துத் துணைக்கால் என்று அடித்தோம். ஒருங்குறியில் ககரம் முன்னால் வரும், ஒகரக் குறி அதைத் தொடரும். இந்த இடமாற்றத்தை மாற்றி ஒழுங்காகவே செய்துவிட்டது. அது தடுமாறிய இடம் வேறு. நான் பயன்படுத்திய எழுத்துருவில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கென்று தனி வடிவம் கிடையாது, ளகரத்தையே போட்டோம். ஆகவே 'மௌனம்' என்ற சொல் என் கோப்பில் ஒற்றைக்கொம்பு, மகரம், ளகரம் என்று பதிவாகியிருந்தது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் மாற்றிய கோப்பில் 'மௌனம்' என்று தேடினால் அது ஓரிடத்தில்கூட அகப்படவில்லை. இணையத்தில் 'கௌரவம்', 'பௌர்ணமி' போன்ற சொற்கள் ளகரத்தோடு இத்தனை இடங்களில் கிடப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

அப்படியானால் ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் வெறும் ளகரம் வரும் இடங்களையெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று, நான் கட்டளையும் கொடுத்துவிட்டேன். அடுத்த அத்தியாயத்தில் என் நாவலின் பாட்டி பேசத் தொடங்கினாள். அவள் விளக்கை 'வெளக்கு' என்பாள், மிளகாயை 'மெளகா' என்பாள், விளையாட்டை 'வெளயாட்டு' என்பாள். அவள் பேச்சு முழுவதும் ஔகாரமாகித் திரிந்து, எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு மொழியாகிவிட்டிருந்தது. 'மௌனம்' எங்கே, 'மெளகா' எங்கே என்று அந்த மாற்றிக்குப் பிரித்தறியத் தெரியாது. பாட்டியின் பேச்சைக் காதால் கேட்ட ஒருவர் வரிவரியாக உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டும். ஆறு மாலைப்பொழுதுகள் அதற்குச் சென்றன. அந்த நேரத்தை நான் எழுத்திலிருந்து விலகிப்போன நேரமாகக் கணக்கிடவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் குரலை அவ்வளவு நெருக்கத்தில் மறுபடியும் கேட்டேன். சில இடங்களில் அன்றைக்கு நான் கவனிக்காமல் அவள் வாயில் வைத்துவிட்ட ஏட்டுச் சொற்களையும் திருத்தினேன்.

விண்டோஸ் 10 பற்றி நான் ஏன் எழுதினேன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். 2025 அக்டோபர் 14க்குப் பிறகு, கூடுதல் காலத்துக்குப் பதிவு செய்துகொண்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. பழைய கணினி ஒன்று கழிக்கப்படும்போது அதனோடு ஓர் எழுத்துருவும், அதை நம்பியிருந்த நூறு கோப்புகளும் சேர்ந்து போகலாம். புதிய கருவியின் அறிமுகத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். ஒன்று மூடப்படுகிறது என்ற செய்தி ஓரத்தில் நான்கு வரியாக வருகிறது. நான் தேடிப் படிப்பது அந்த நான்கு வரிகளை. 2019 அக்டோபரில், மின்னஞ்சல் வழியாகப் பலர் கூடி எழுதிய யாஹூ குழுமங்களின் பழைய உள்ளடக்கம் நீக்கப்படும் என்ற அறிவிப்பு அப்படித்தான் வந்தது. 2020 டிசம்பரில் அந்தச் சேவையே முடிந்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற குழுமங்களில் எழுதிப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது ஒருங்குறித் தமிழ் யாருக்கும் கைவந்திருக்கவில்லை. அதன் தன்னார்வலர்கள் அன்றைக்குக் கிடைத்த குறியேற்றங்களில், அதாவது எழுத்துகளைக் கணினியில் பதியும் முறைகளில், நூல்களை ஏற்றினார்கள், பிறகு அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது வேலைக்கு யாரும் மாலை போடவில்லை. இன்று ஒரு மாணவர் கைப்பேசியில் சங்கப் பாடலொன்றைத் தேடி எடுப்பதற்குக் காரணம் அந்த இரண்டாவது வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த இயந்திரங்கள் வாசிக்கக் கிடைக்கும் உரையிலிருந்தே கற்கின்றன. ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடக்கும் என் பாட்டியின் பேச்சு அவற்றுக்கும் இல்லாத ஒன்றுதான். அவை எழுதும் கதையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால், நாம் எழுதிய கதை திறக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த ஒரு வரி வரவில்லை.

இனி உங்கள் அப்பாவின் ஃப்ளாப்பிகள். அவற்றில் எழுத்துகள் காந்தப் பூச்சில் பதிந்திருக்கின்றன, அது ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கும். ஆகவே மேலும் தள்ளிப்போட வேண்டாம். யுஎஸ்பி வழியாகப் பொருத்தும் ஃப்ளாப்பி டிரைவ்கள் இன்னும் வாங்கக் கிடைக்கின்றன. உறை மேல் வெண்மையாகப் பூஞ்சை தெரிந்தால் நீங்களே செருகிப் பார்க்காமல், தரவு மீட்பில் பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். இல்லையென்றால், மூலையில் உள்ள சிறு தாழைத் தள்ளித் துளை திறந்திருக்கும்படி வைத்துவிட்டுச் செருகுங்கள். அப்போது அதன்மேல் எதுவும் தவறுதலாக எழுதப்படாது. எதையும் திறக்காமல் முதலில் முழுவதையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துருக் கோப்பு உடன் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள், அது இருந்தால் பாதி வேலை குறையும். திரையில் புரியாத எழுத்துகள் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். முதல் பத்து வரிகளை அப்படியே எனக்கு அனுப்புங்கள். எந்த எழுத்துரு என்று பெரும்பாலும் என்னால் சொல்லிவிட முடியும். அப்பாவின் கையெழுத்தில் ஏதேனும் ஒரு கவிதை வீட்டில் இருந்தால், அதையும் ஒரு படமெடுத்து உடன் வையுங்கள். அவர் எந்தச் சொல்லை எப்படி எழுதுவார் என்று தெரிந்தால், ளகரம் எது ஔகாரம் எது என்று முடிவு செய்யும்போது நமக்கு உதவும்.

அன்புடன்