ஆற்றங்கரையில் வீடு வாங்கலாமா? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: நெய்வேலியில் பணியாற்றி அடுத்த ஆண்டு ஓய்வு பெற இருக்கிறேன். கடலூரில் தென்பெண்ணைக் கரையை ஒட்டிய சிறிய நகர் ஒன்றில், மொத்தமே நான்கு தெருக்கள் உள்ள இடத்தில், 15 ஆண்டுகளுக்கு முன் கட்டிய தனி வீடு விலைக்கு வருகிறது. மஞ்சக்குப்பத்தில் இதே அளவு வீட்டுக்குச் சொல்லும் விலையைவிடக் கணிசமாகக் குறைவு. பத்திரங்கள் சரியாக இருப்பதாக வழக்கறிஞர் சொல்லிவிட்டார். என் மனைவிக்கு இடம் மிகவும் பிடித்துவிட்டது. மகனோ வெள்ளத்தைக் காரணம் காட்டி வேண்டாம் என்கிறான். அங்கே குடியிருப்பது உண்மையில் எப்படி இருக்கும்?

பதில்: வில்லங்கச் சான்றும் பட்டாவும் அந்த வீடு யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்லும். மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்பதை வீட்டுச் சுவரிடமும் அண்டை வீட்டாரிடமும்தான் கேட்க வேண்டும். வங்கி கடன் தர முன்வந்திருந்தாலும் நிலைமை இதுதான். வங்கியின் வழக்கறிஞரும் உரிமையைத்தான் பார்க்கிறார்.

முதலில் உங்கள் மனைவிக்குப் பிடித்துப்போன பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது பொய்யில்லை. மாலை நாலரை மணிக்கெல்லாம் காற்று வந்துவிடும். நான்கு தெருக்களே உள்ள நகரில் ஒருவரையொருவர் அறியாதவர்கள் இல்லை; நீங்கள் இரண்டு நாள் வெளியே வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது கதவைத் தட்டுவார்கள். தை மாதம் 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவின்போது சுற்றுவட்டார ஊர்களின் சாமிகள் எல்லாம் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வந்து சேர்வதையும், மணலில் சிறுவள்ளிக்கிழங்கைக் குவித்து விற்பதையும் உங்கள் வாசலிலிருந்து நடந்துபோய்ப் பார்த்துத் திரும்பலாம். ஓய்வுக் காலத்துக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல.

இனி மகனின் பக்கம். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு கடைசியாகக் கடலூரில் கடலில் சேரும் ஆறு. ஆகவே கடலூரில் வெயில் அடிக்கும் நாளிலும் இங்கே வெள்ளம் வரலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையோர மக்களுக்குப் பெரும் துன்பம் அதன் பிறகுதான் வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, அது இங்கே வந்து சேர்ந்தபோது நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, குண்டு உப்பலவாடி போன்ற கரையோரப் பகுதிகள் மூழ்கின. பெயரிலேயே ‘மேடு’ என்று இருக்கும் ஊர்களும் அதில் தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். அணையில் திறக்கும் நீர் கடலூரை அடையச் சில மணி நேரம் பிடிக்கும். அங்கே குடியேறுபவர்கள் கார்த்திகை மாதத்தில் அந்த மணி நேரத்தைக் கணக்கில் வைத்து வாழப் பழக வேண்டும். சாத்தனூர் நீர்மட்டம் உங்களுக்கு அன்றாடச் செய்தியாகிவிடும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது என்ன பார்க்க வேண்டும்? சென்ற ஆண்டு நண்பர் ஒருவருக்காக இதேபோன்ற நகர் ஒன்றில் வீடு பார்க்கப் போயிருந்தேன். முன்கூடம் புதிதாக வெள்ளையடிக்கப்பட்டுப் பளிச்சென்று இருந்தது. ஆனால் மின் மீட்டர் பெட்டி மட்டும் என் தலைக்கு மேலே, கையை உயர்த்தினால்தான் எட்டும் உயரத்தில் இருந்தது. அதற்குக் கீழே, இடுப்பு உயரத்தில், பழைய பெட்டி இருந்த சதுரத்தைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள். பின்கட்டுக் கதவின் அடிப்பலகை ஊறி உப்பி, நிலையில் உரசியது. மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு யாரும் வெள்ளையடிக்கவில்லை. அங்கே முழங்காலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், நூல் பிடித்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. உரிமையாளர் ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை, நாங்கள் கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆகவே நீங்கள் கேளுங்கள்: 2015 நவம்பரில் எவ்வளவு தண்ணீர், 2024 டிசம்பரில் எவ்வளவு, எத்தனை நாள் நின்றது, எங்கே போய்த் தங்கினீர்கள்? அதே கேள்வியை மூன்று வீடு தள்ளியிருப்பவரிடமும், தெருமுனை மளிகைக்கடைக்காரரிடமும் கேளுங்கள். கடைக்காரர் அரிசி மூட்டையை எந்தத் தட்டில் ஏற்றினார் என்பதை மறந்திருக்க மாட்டார்.

எத்தனை நாள் நின்றது என்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வந்த தண்ணீர் ஒரே நாளில் வடிந்தால் வீட்டைக் கழுவிக் குடியிருக்கலாம்; நான்கு நாள் நின்றால் செப்டிக் டேங்க் நிரம்பிக் கழிவறை வழியாக மேலேறும், கிணறும் ஆழ்துளைப் போரும் கெடும், சுவர் ஈரம் கோடை வரை காயாது. வடிவது கடலைப் பொறுத்தது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தாலோ, அமாவாசை பௌர்ணமியையொட்டிக் கடல் நீர் ஏறி நின்றாலோ ஆற்று நீர் உள்ளே தேங்கும். எனவே வீடு முகத்துவாரத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தக் கேள்வி முக்கியம். கடல் நீர் ஏறி இறங்கும் ஆற்றுப் பகுதியின் கரைகளும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் என்பதைப் பலர் அறிவதில்லை. கோடையில் ஆற்று நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் உப்பு இருக்கும் இடம் வரை அந்த மண்டலத்தின் எல்லை நீளும். பிற்பாடு மாடி எடுக்கவோ இடித்துக் கட்டவோ நினைத்தால் தடையாக வரக்கூடும் என்பதால் இதை இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில், பட்டாவோடு நிற்காமல் புலப்படத்தையும் (சர்வே எண்ணுக்குரிய நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமப் பதிவேடு) பாருங்கள். வீட்டு மனையை ஒட்டி வாய்க்காலோ ஓடையோ புறம்போக்காகக் குறிக்கப்பட்டிருந்து, நேரில் போய்ப் பார்த்தால் அது தெருவாகவோ தென்னந்தோப்பாகவோ மாறியிருந்தால், அந்த வாய்க்கால் மழைக்காலத்தில் தன் பழைய இடத்துக்கே திரும்பி வரும். என்றாவது ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீசும் வரும்.

குடிநீரைச் சித்திரை, வைகாசியில் சோதியுங்கள். மழைக்காலத்தில் எல்லாப் போரும் இனிக்கும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி ஆய்வறிக்கை பெறலாம். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கப்படுகிறது. கொசு, பாம்பு இரண்டும் உண்டு, பழகிக்கொள்ளலாம்.

என் கருத்தைக் கேட்டால்: அந்த வீட்டின் பேஸ்மட்டம் 2024இல் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே இருந்து, மாடியில் ஓர் அறையும் கழிவறையும் இருந்தால் வாங்குங்கள். மாடி இல்லையென்றால் அதைக் கட்டும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். தண்ணீர் வரவேற்பறைக்குள் வந்துபோன வீடு என்றால், எவ்வளவு மலிவானாலும், முழங்கால் வலியோடு இருவர் மட்டும் வாழப் போகும் வீடாக அதை நான் சொல்ல மாட்டேன். எதுவானாலும் முன்பணத்தைக் கார்த்திகை கழியும் வரை தள்ளிப்போட்டு, நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் வசிக்கிறேன். கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றோரம் புதிய மனைப்பிரிவு ஒன்றில், ‘வெள்ளம் எட்டாத ஆற்றங்கரை மனை’ என்ற துண்டறிக்கையை நம்பி, ஒப்பந்தம் எதுவும் எழுதாமலேயே விலையில் கால் பங்கைக் கட்டிவிட்டேன். மழையில் மனை முழுவதும் குளமாக நின்றது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் ‘மாற்று மனை தருகிறோம்’ என்று இழுத்தடிக்கிறார்கள்.

பதில்: அம்மா, அந்தத் துண்டறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் வழக்கு அதில்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்கும் மனைப்பிரிவு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். எழுத்து மூலமான விற்பனை ஒப்பந்தம் பதிவாகாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதை அச்சட்டத்தின் 13ஆவது பிரிவு தடை செய்கிறது. விளம்பரத்தில் சொன்ன பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டியவர் விலகிக்கொள்ள விரும்பினால், கட்டிய முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. மனை கடலூர் மாவட்டத்தில் இருப்பதால் புகாரைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் அளிக்க வேண்டும்.

அதற்கு மாற்றாக நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க அனுமதிப்பதால் நீங்கள் கடலூருக்கு அலைய வேண்டியதில்லை, புதுச்சேரியிலேயே தொடுக்கலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையம் போதும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் ‘மாற்று மனை’ப் பேச்சில் காலத்தைக் கழிக்க விடாதீர்கள். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். ஆற்றையோ ஏரியையோ ஒட்டிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் முன், வெள்ளம் சூழும் வாய்ப்பைப் பற்றி நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். நிலத்தை எந்த மட்டத்துக்கு மண் கொட்டி உயர்த்தி இறுக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கும். அதன் நகலோடு மனையின் இப்போதைய மட்டத்தை ஒப்பிட்டால் உங்கள் புகாருக்கு அது வலுவான சான்றாகிவிடும். மாற்று மனையை அவர்கள் உண்மையிலேயே காட்டினாலும் இதைப் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம்.

கேள்வி: வில்லியனூரில் சங்கராபரணிக் கரையோரம் சொந்த வீடு. வீடூர் அணை திறக்கும்போதெல்லாம் பயம். வீட்டுக் காப்பீட்டில் வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிரிஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் புயலும் அடிப்படைப் பாதுகாப்பிலேயே அடங்கும், தனிக் கட்டணம் இல்லை. கட்டடத்தின் பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கி வரும் தொகைக்குக் காப்பீடு செய்யுங்கள். நிலத்தின் மதிப்பை அதில் சேர்க்கக் கூடாது. வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே பாதுகாப்பு கிடைக்கும். வெள்ளம் வடிந்ததும் சேற்றை வாரித் துடைக்கும் முன்பே, சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.