கிராமிலிருந்து டிராக்மாவுக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

50 கிலோ வெள்ளி, பழைய கிரேக்கக் கணக்கில் எவ்வளவு?

எந்த ஊர்க் கணக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஏதென்ஸ் என்றால் அட்டிக் முறை. அதில் ஒரு டிராக்மா (எடைக்கும் காசுக்கும் இதே பெயர்) சுமார் 4.3 கிராம். 6 ஓபோல் ஒரு டிராக்மா, 100 டிராக்மா ஒரு மினா, 60 மினா ஒரு தாலந்து. ஆக, தாலந்துக்கு 6,000 டிராக்மா, அதாவது 25.8 கிலோ. தமிழ் பைபிளில் வரும் தாலந்தும் இதே சொல்தான்.

50,000 கிராமை 4.3-ஆல் வகுத்தால் 11,628 டிராக்மா. 6,000-ஐக் கழித்தால் ஒரு தாலந்து போக மீதி 5,628. அதை 100-ஆல் வகுத்தால் 56 மினா, 28 டிராக்மா. பதில்: 1 தாலந்து, 56 மினா, 28 டிராக்மா. 11,627.907 என்று எழுதாதீர்கள். சில நூல்கள் டிராக்மாவுக்கு 4.37 கிராம் என்றும் தாலந்துக்கு 26.2 கிலோ என்றும் கொள்கின்றன. அடிப்படை எடையிலேயே ஒன்றரை சதவீதம் ஆடும்போது தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்கள் வெறும் அலங்காரம்.

ஒரு பவுன் தங்கம்?

8 ÷ 4.3 = 1.86. முழு டிராக்மா 1. மிச்சம் 0.86-ஐ 6-ஆல் பெருக்க 5.16 ஓபோல். ஆக ஒரு டிராக்மா ஐந்து ஓபோல், கொஞ்சம் கூட. மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஸ்டேட்டர் என்ற தங்கக் காசு 8.6 கிராம், சரியாக இரண்டு டிராக்மா. நம் பவுனைவிட அரை கிராமுக்குச் சற்றே அதிகம்.

என்னிடம் உள்ள வெள்ளிக் காசு 12.2 கிராம். 4.3-ஆல் வகுத்தால் 2.84 வருகிறது. எங்கே தப்பு?

வகுத்ததில் தப்பில்லை, எடுத்துக்கொண்ட முறைதான் தப்பு. விடை முழு எண்ணாகவோ எளிய பின்னமாகவோ வராவிட்டால் வேறு ஊர் எடையைப் போட்டுப் பாருங்கள். ஈஜினா தீவின் டிராக்மா சுமார் 6.1 கிராம். 12.2-ஐ அதால் வகுத்தால் சரியாக 2. ஒரு பக்கம் ஆமை, மறுபக்கம் பள்ளமான முத்திரை இருந்தால் ஈஜினாவின் ஸ்டேட்டராகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

எண் சரியாக வந்தாலும் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு: கொரிந்து. அவ்வூர் ஸ்டேட்டர் 8.6 கிராம். அட்டிக் கணக்கில் இரண்டு டிராக்மா என்று அழகாக வரும். ஆனால் கொரிந்துக்காரர்கள் அதே காசை மூன்றாகப் பிரித்து, 2.9 கிராமை ஒரு டிராக்மா என்றார்கள். காசு ஒன்றுதான், எண்ணும் விதம் இரண்டு. எனவே எடையை மட்டும் நம்பாமல் காசில் உள்ள உருவத்தையும் பாருங்கள். கொரிந்து என்றால் சிறகுள்ள குதிரை.

இணையக் கணிப்பான்கள் டிராக்மாவுக்கு 3.41, 3.89, 1.77 என்றெல்லாம் காட்டுகின்றனவே?

மூன்றும் வேறு பொருள்கள். 3.41 கிராம் என்பது ரோமானிய பவுண்டில் 96-இல் ஒரு பங்கு, பிற்கால எடை. 3.89 ஆங்கில மருந்துக்கடை டிராம், 1.77 சாதாரண ஆங்கில டிராம். பெயர் டிராக்மாவிலிருந்து வந்தாலும் கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் காசை இவற்றால் அளக்கக் கூடாது.

பழைய ஆங்கில நாணயப் பட்டியலில் 265 என்று போட்டிருக்கிறது. கிராமா?

இல்லை, கிரெயின் என்ற பழைய ஆங்கில எடை. 0.0648-ஆல் பெருக்குங்கள்: 17.17 கிராம். ஏதென்ஸின் ஆந்தை பொறித்த நான்கு டிராக்மா காசின் எடை அது.

ஏதென்ஸ் சந்தையில் மீன் நிறுத்ததும் இதே மினாவில்தானா?

காசு மினா வேறு, கடை மினா வேறு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஏதென்ஸ் சட்டம் ஒன்று, வணிக மினா நாணயச்சாலைப் படிக்கல்லின்படி 138 டிராக்மா இருக்கவேண்டும் என்கிறது. அதாவது 593 கிராம். அதற்கு மேல் 12 டிராக்மா கொசுறும் உண்டு, ஆக 150. வெள்ளியின் 430 கிராம் மினாவை அப்படியே மளிகைக்குப் போட்டால் கணக்கு மூன்றில் ஒரு பங்கு இடிக்கும்.

ஓபோல் காசை வீட்டுத் தராசில் நிறுக்கலாமா?

சமையலறைத் தராசு ஆகாது. ஓபோல் 0.72 கிராம், அதன் கால் பங்குக் காசு வெறும் 0.18. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசிலும் அந்தக் கால் பங்கில் ஒரு புள்ளி தவறினால் 5 சதவீதத்துக்கு மேல் பிழை. 0.001 காட்டுவது வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள்.

என் ஆந்தைக் காசு 15.9 கிராம்தான். தேய்மானமா, போலியா?

தேய்மானம் என்றால் ஆந்தையின் முகமும் இறகும் மழுங்கியிருக்கும். உருவம் கூர்மையாக இருந்தும் எடை குறைந்தால், செம்பு உள்ளே வைத்து வெள்ளி பூசியதா என்று பாருங்கள். பழங்காலத்திலேயே அப்படிச் செய்தார்கள், ஆகவே 'பழைய காசு' என்பதும் 'நல்ல வெள்ளி' என்பதும் ஒன்றல்ல.

சோதனை இது: ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். காட்டும் எண்தான் காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதால் வகுங்கள். சுத்த வெள்ளி 10.49. 15.9 கிராம் காசுக்குத் தராசு 1.52 காட்டினால் வெள்ளி, 1.7-ஐத் தாண்டினால் உள்ளே வேறு உலோகம் இருக்கலாம். ஒட்டிய காற்றுக் குமிழி நல்ல காசையும் போலியாகக் காட்டிவிடும், தூரிகையால் தட்டிவிடுங்கள். காசில் பச்சைக் களிம்போ விரிசலோ இருந்தால் இந்தச் சோதனை உதவாது.

ஒரு டிராக்மாவுக்கு இன்று எத்தனை ரூபாய்?

4.3 கிராமை இன்றைய வெள்ளி விலையால் பெருக்கலாம். வருவது உலோகத்தின் விலை மட்டும். கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏதென்ஸின் எரெக்தியோன் கோயில் கட்டுமானக் கணக்கில், வேலையாளின் நாள் கூலி ஒரு டிராக்மா என்று பதிவாகியிருக்கிறது. ஒப்பிடத் தோதானது அந்தக் கூலிதான்.