பிள்ளைகளுக்குப் பெரிய தொகை கொடுக்கும் முன் ஆடிட்டரைப் பார்க்க வேண்டுமா?

அப்பா நிலம் விற்ற பணத்தில் உங்களுக்கும் தங்கச்சிக்கும் தலா 15 லட்சம் ரொக்கமாகத் தரப்போகிறார், சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஆடிட்டர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம் பாருங்கள். பணம் கைமாறுவதற்கு முன்னாலேயே பாருங்கள்.

பெற்றோர் பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் வாங்குபவருக்கு வருமான வரி இல்லை என்பது உண்மைதான். உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவிக்கும் அப்படியே. சித்தப்பா மகன், மாமன் மகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. எங்கள் சித்தப்பா அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் நிலம் விற்றபோது நானும் கூடப் போயிருந்தேன். யாருக்கு எவ்வளவு என்று அவர் ஆரம்பித்ததுமே ஆடிட்டர் கேட்டது, "மாநகராட்சி எல்லையில இருந்து நிலம் எவ்வளவு தூரம்யா?" என்றுதான். "விவசாய நிலம்தானே, வரி கிடையாதுன்னாங்களே" என்றார் சித்தப்பா. ஆடிட்டர் மேப்பைத் திறந்து நேர்கோடு போட்டுக் காட்டினார். மதுரை மாதிரி 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகராட்சி என்றால், எல்லையிலிருந்து வான்வழியில் 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலத்துக்கும் மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்துக்கான வரி, உண்டு. ரோட்டு வழியில் கூடுதலாக வந்தாலும், சித்தப்பா நிலம் அதற்குள்தான் இருந்தது. முழுவதையும் பிரித்துக் கொடுத்திருந்தால், வரி கட்டப் பிள்ளைகளிடமே திருப்பிக் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

பிறகு ஆடிட்டர், "அம்மாவுக்குன்னு என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சித்தப்பா பதில் சொல்லாமல் சித்தியைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு நினைத்திருந்த தொகை அங்கேயே குறைந்தது. வீட்டில் நம்மில் யாருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வராது. அதற்காகவே வெளியாள் ஒருவர் வேண்டும் என்பேன்.

ரொக்கமாக மட்டும் வாங்காதீர்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி 2017 முதல் இருக்கிறது. அப்பா மகன் என்று விலக்கு கிடையாது. வாங்கிய தொகை அளவுக்கே வாங்கியவருக்கு அபராதம் வரலாம். ஒரு கல்யாணத்துக்கு ஒருவர் செய்யும் செய்முறைக்கும் இது பொருந்தும், தாய்மாமன் சீர் உட்பட. வங்கி வழியாக அனுப்பச் சொல்லி, 'இது அன்பளிப்பு, கடனல்ல' என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் பூர்வீகமா என்று ஒரு வக்கீலிடமும் கேட்டுவிடுங்கள். பூர்வீகம் என்றால் தங்கச்சிக்குத் தருவது அன்பளிப்பாக இல்லாமல் அவர் பங்காகவே இருக்கலாம். பிள்ளைகள் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா நினைத்தால், அதையும் எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி, அந்த நிபந்தனையோடு கொடுத்ததைக் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு மீட்கக் கேட்கலாம். எழுதாமல் கொடுத்த பணத்துக்கு அது பெரும்பாடு.

ஆலோசனை சொல்கிறேன் என்று பாலிசியை நீட்டுபவரிடம் போகாதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு வழி சொல்லும் ஆடிட்டரிடம் அப்பா அம்மா இருவரையும் கூட்டிப் போங்கள். கிரயப் பத்திரம், பட்டா, நிலம் வாங்கிய பழைய பத்திரம் மூன்றும் கையில் இருக்கட்டும். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய நிலம் என்றால், வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 அன்று அதற்கிருந்த மதிப்பை வைத்தும் கணக்குப் போடலாம், வரி நன்றாகவே குறையும்.