128 ஜிபிக்கு மேல இன்னொரு 128 ஜிபி, அதுக்கு 10,000 ரூபா குடுக்கலாமா?

கேள்வி: ஐபோன் 16 வாங்கப்போறேன். அறிமுக விலைல 128 ஜிபி 79,900, 256 ஜிபி 89,900. இது நியாயமா? குழந்தைக்கு ஆறு மாசம், வீடியோ நிறைய எடுப்பேன்.

நியாயம் இல்லைங்க. உங்களுக்கு அது தேவையும் இல்லன்னுதான் சொல்லுவேன்.

கணக்கு போட்டா ஒரு ஜிபிக்கு 78 ரூபா வருது. 256ல இருந்து 512க்கு போக 20,000, அங்கயும் அதே 78தான். லேப்டாப்ல ஃபைல் சேமிக்கப் போடுற எஸ்எஸ்டி டிரைவ், 1 டிபி (சுமார் 1000 ஜிபி) 2023ல கடைல 5,000, 6,000க்கு கெடச்சுது, ஜிபிக்கு 5, 6 ரூபா. போன் சிப் சின்னதா இருக்கணும், சார்ஜ் கம்மியா இழுக்கணும், போர்டுலயே சால்டர் பண்ணணும், அதனால கொஞ்சம் கூட ஆகும்னு ஒத்துக்கலாம், ஆனா பத்து மடங்குக்கு மேலயா? இன்னொண்ணும் பாருங்க, 2021ல ஐபோன் 13 வந்தப்பவும் இந்த வித்தியாசம் 10,000, அப்புறம் 14, 15, 16 எல்லாத்துக்கும் அதே 10,000. நடுவுல மெமரி சிப் விலை அதலபாதாளத்துக்கு போச்சு, இது மட்டும் அசையவே இல்ல. கார்டு போட ஸ்லாட் கெடையாது, பின்னாடி ஏத்திக்கவும் முடியாது, வாங்குற அன்னிக்கே முடிவு பண்ணியாகணும், அந்த பயத்த வச்சு வாங்குற காசு இது.

இப்ப உங்க விஷயம். 4கே 60 ஃப்ரேம்ல (செகண்டுக்கு 60 படம்) ஒரு நிமிஷ வீடியோ சுமார் 400 எம்பி, இது கேமரா செட்டிங்ஸ்லயே போட்டிருக்கும். ஆப், வாட்ஸ்அப் போக 90 ஜிபி மிச்சம்னு வச்சாலும் மூணே முக்கால் மணி நேரத்துல ரொம்பிடும். 4கே 30னா 170 எம்பிதான், குழந்தை தவழுறத எடுக்க அது தாராளம், மொதல்ல அத மாத்துங்க.

அந்த 10,000ஐ பேக்கப்புக்கு போடுங்க. ஆப்பிளோட ஆன்லைன் சேமிப்பு ஐகிளவுடு, 200 ஜிபி மாசம் 219, நாலு வருஷத்துக்கு 10,512. அதே காசுதான், ஆனா பேக்கப் இல்லாம 256 ஜிபி போன் தொலஞ்சா எல்லாமே போச்சு, இதுல வீடியோ பத்திரமா இருக்கும், வீட்டுல இருக்கவங்களும் ஷேர் பண்ணிக்கலாம். செட்டிங்ஸ்ல உங்க பேரத் தொட்டு ஐகிளவுடு, ஃபோட்டோஸ் போய் 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' ஆன் பண்ணிட்டா இடம் கம்மியாகும்போது ஒரிஜினல் ஐகிளவுடுல மட்டும் இருக்கும், போன்ல சின்ன சைஸ் நிக்கும். நெட் சரியா கெடைக்காத ஊர்ல இருக்கவங்க, பெரிய பெரிய கேம் ஏத்துறவங்க வேணா 256 எடுக்கலாம்.

இடம் பத்தலன்னு ஃபோட்டோஸ்ல டெலிட் மட்டும் பண்ணிடாதீங்க, அப்படி பண்ணா ஐகிளவுடுலயும் சேர்ந்து அழிஞ்சிடும், 30 நாள் 'ரீசன்ட்லி டெலிடட்'ல கெடக்கும் அவ்ளோதான். அதனால மாசம் ஒரு தடவ டைப்-சி எஸ்எஸ்டி சொருகி ஒரு காப்பி எடுத்து வச்சிக்கோங்க. ஐபோன் 16ல டைப்-சி இருந்தாலும் ஸ்பீடு யுஎஸ்பி 2தான், கொஞ்சம் நேரமாகும், நைட் போட்டுட்டு விட்டுடுங்க.